வண்டியில் மீன் போகவில்லை

செவ்வாய், இரவு.

மத்தியானம் மீன் ஏலத்தில் சண்டை. பக்கத்து வீட்டு ஜெரால்டுக்குத் தொடையில் கத்தி இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் அவனோடு பேசி இரண்டு வருடமாகிறது. ஆனாலும் வண்டியில் ஏற்றிய மீன் பெட்டிகளை மணலில் தள்ளிவிட்டு, அவனைக் கிடத்தித் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நான் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தேன்.

“கண்ண மூடாதலே. என்னைய நாலு வார்த்த ஏசு,” என்று வழியெல்லாம் அவனைப் பேசவைத்தார். பிழைத்துவிட்டான்.

என் தம்பிக்கும் தொடையில்தான் குத்து. வேலைக்குப் போன ஊரில் எல்லாரும் கடையை அடைத்துக்கொண்டார்கள். அங்கே இப்படி ஒரு வண்டி வந்திருந்தால் அவனும் பிழைத்திருப்பான்...

திரும்பி வந்தால், பெட்டிகளுக்கு யாரோ ஐஸ் போட்டு மூடியிருந்தார்கள்.

“இனி அவன்கூடப் பேசலாம்லா?” என்று கேட்டேன்.

“அது வண்டியோட சரி. இங்கன பேச்சு கெடையாது.”

சொல்லிவிட்டு, காலையில் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோகத் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்திருக்கிறார்.