டிரெய்லர் இல்லாமல் மூன்று நாள்

ஷயான் நகரம், வயோமிங்
2 ஜூன் 1986, திங்கள்

அருமை மருமகள் லவோனுக்கு,

உன் மாமா எல்டன் எழுதிக்கொள்வது. இப்படியெல்லாம் நடக்கும் என்று உன் கல்யாணத்தன்றே, கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன். “வெர்லின் தங்கமான பையன், உழைப்பாளி, ஆனால் வெறும் வண்டி ஓட்டத் தெரியாதவன். பெண்டாட்டியை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனாலும் பின்னால் மாடு ஏற்றும் டிரெய்லரைக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவான்” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். உன் அத்தை தெல்மா இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டு, “நீங்க அன்னைக்குச் சொன்னது கேக்குல முட்டை ஜாஸ்தின்னு மட்டும்தான்” என்கிறாள். அவளுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது, பாவம்.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். காற்று எங்களைவிட சுகமாக இருக்கிறது. வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, என் தொப்பியைக் கூலியாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. தொப்பி இந்நேரம் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவைத் தாண்டியிருக்கும்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட்டு முடிந்தது, புல் அறுப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, இந்த இடைவெளியில் ஷயானுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வரலாமா என்று வெர்லினே வாய் திறந்து கேட்டான் என்ற இடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அடுத்த வரியிலேயே காளை வந்து நின்றது. பழைய காளை நொண்டுகிறதாம், ஷயானுக்குக் கிழக்கே ஒரு பண்ணையில் நல்ல ஹியர்ஃபோர்டு இனக் காளை விலைக்கு இருக்கிறதாம், அதனால் டிரெய்லரும் கூட வருமாம். வெள்ளிக்கிழமையே காளையை ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். ஏற்றினால் அது ஞாயிறு வரை ஓட்டல் வாசலிலா நிற்கும்? அன்றைக்கே நீங்கள் வீடு திரும்ப வேண்டியதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்த எனக்கே இது தெரிகிறது.

நீ எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. “மாமா, இந்தப் பதினாலு வருஷத்துல நாங்க எங்க போனாலும் பின்னாடி ஏதாவது ஒண்ணு கத்திக்கிட்டே வந்திருக்கு. நாங்க ரெண்டு பேரும் மாட்டைப் பத்தி இல்லாம கடைசியா எப்போ பேசினோம்னு எனக்கு ஞாபகமே இல்லை. டிரெய்லர் வந்தா நான் வரல.” நீ கோபமாக எழுதியிருந்தால் நான் சிரித்திருப்பேன். நிதானமாக எழுதியிருந்தாய். தெல்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் பேசாமல் போனது இரண்டாவது தடவை.

அதனால் நேற்று சர்ச் முடிந்ததும் நானே வெர்லினுக்குப் போன் போட்டேன். நீ கோழிகளுக்குத் தீனி போடப் போயிருந்தாயாம். நல்லதாய்ப் போயிற்று. “மாமா, ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு. இருநூறு மைல் வெறும் வண்டியை ஓட்டிட்டு வந்துட்டு, அடுத்த வாரம் காளைக்காக இன்னொரு தரம் வர்றதா? வழியில பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?” என்றான். “மாப்ளே, நீ ஆடும் மேய்க்கல, பொண்ணும் பார்க்கல, பொண்ணை வண்டியில உட்கார வெச்சுட்டு மாட்டைப் பார்க்கப் போற” என்றேன். இந்த மாதிரிப் பதில்களுக்காகத்தான் நகரசபைக்காரர்கள் என்னைக் கூட்டங்களுக்கு அழைப்பதில்லை. பயம்.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். அந்தக் காளை விற்றுப்போய்விட்டது. போன புதன்கிழமை கொலராடோவிலிருந்து ஒரு ஆள் வந்தான். இரண்டு தங்கப் பல், பனி மாதிரி வெள்ளைத் தொப்பி, கூடவே ஒரு மாட்டு வைத்தியரையும் கூட்டிவந்திருந்தான். காளையைச் சுற்றி மூன்று தரம் நடந்தான், அதன் காதில் ஏதோ சொன்னான், காளை தானாகவே போய் லாரியில் ஏறிக்கொண்டது. நான் வேலி ஓரத்தில் நின்று பார்த்தேன். இவ்வளவையும் வெர்லினிடம் சொன்னேன்.

அப்புறம், “சரி மாமா, அப்போ கார்லயே வந்துடறோம்” என்றான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன், வைக்கவில்லை. “அங்க அவளுக்கு என்ன பிடிக்கும் மாமா?” என்று கேட்டான். பதினாலு வருஷம் கழித்து என்னிடமா கேட்கிறாய் என்று கேலி செய்ய வாயெடுத்தேன். செய்யவில்லை. அவன் ஒரு பென்சிலைத் தேடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆகவே ஏற்பாடுகளைக் கேட்டுக்கொள். இம்மாதம் பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில், தண்டவாளச் சத்தம் கேட்காத பக்கமாக அறை சொல்லிவிட்டேன். பதின்மூன்றும் வெள்ளியும் சேர்ந்துவந்தால் ஆகாது என்று ஊரே பயப்படுவதால்தான் நல்ல அறை காலியாக இருந்தது, யாரிடமும் சொல்லாதே. ஜூலைக் கடைசி என்றால் மாடு அடக்கும் ரோடியோத் திருவிழாக் கூட்டத்தில் குளியல் தொட்டியில்கூடப் படுக்க இடம் கிடைத்திருக்காது. மாட்டிறைச்சி சாப்பிடாதீர்கள். வீட்டில் வளர்த்துத் தின்பதைக் காசு கொடுத்தும் தின்ன வேண்டுமா? பக்கத்துத் தெருவில் சீனாக்காரர் கடை இருக்கிறது, இஞ்சி போட்ட கோழி நன்றாக இருக்கும். சனிக்கிழமை காலை பூங்கா ஏரியில் மிதிபடகு. ஒருவர் மிதிக்காவிட்டால் அது வட்டமடிக்கும், பேசித்தான் ஆகவேண்டும். சாயங்காலம் ஊருக்கு வெளியே உள்ள மண்டபத்தில் பிடில் வாசிப்பும் நடனமும். வெர்லினுக்கு ஆடத் தெரியாது என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியாது, ஆனாலும் வயோமிங்கிலேயே சிறந்த ஆட்டக்காரன் என்று ஒரு காலத்தில் எனக்குப் பெயர். தெல்மாவின் கால்விரலைக் கேட்டால் வேறு கதை சொல்லும், அதை நம்பாதே.

எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். வந்தால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று அத்தை சொல்கிறாள். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வாருங்கள். நடனத்துக்குப் போட நீ அந்த நீலச் சட்டையைக் கொண்டுவா. பால் மாட்டை வெர்லினின் தம்பி பார்த்துக்கொள்வான், அவனோடும் பேசிவிட்டேன்.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து, உருப்படாத விஷயங்களாகப் பேசிச் சிரித்து வாழவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் மாமா
எல்டன்

பி.கு. அத்தை இப்போது கொலராடோக்காரன் பத்தியைப் படித்துவிட்டு, “எந்தத் தங்கப் பல்லு? புதன்கிழமை பூரா நீங்க கூரையில ஏறித் தகரம் அடிச்சிக்கிட்டு இருந்தீங்க” என்று கேட்கிறாள். அதனால் சொல்லிவிடுகிறேன். அப்படி யாரும் வரவில்லை. காளை விற்றுப்போகவில்லை, அந்தப் பண்ணையிலேயே புல் தின்றுகொண்டு நிற்கிறது. பதினாறாம் தேதி வரை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று பண்ணைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் வெர்லினுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் உனக்கு என்ன பிடிக்கும் என்று அவன் கேட்டானே, அது அவன் கேட்டபடியே எழுதியது. அதில் ஒரு சொல்கூட என் கைச்சரக்கு இல்லை, பென்சில் உட்பட. ஞாயிறு சாப்பாடு முடியும்வரை காளையைப் பற்றி வாயைத் திறக்காதே, கண்ணு.