புறத்தாழ் நகரத்துக்கு இரண்டாம் பாகம் இல்லை

அலை தொட்டுத் திரும்பும் கரைகளுக்கும், உப்பு விளையும் பாத்திகளுக்கும், அவற்றுக்கு நடுவே எழுத்து விளையும் திரைக்கூடல் மாநகருக்கும் நன்மை பெருகுக. கடற்காவல் பூண்ட அரசி பெருந்திரை நாச்சியாரின் திருவாய்மொழிப்படி, அவருடைய அமைச்சர் கணிச்சி அரையர், சுவடிச்சாலைத் தலைவர் நம்பிகாடனாருக்கு விடுக்கும் ஓலை. சாலையின் கூரை ஒழுகாதிருக்க. ஏடுகள் செல்லரிக்காதிருக்க. எழுத்தாணி பிடிக்கும் கைகள் நோயின்றி இருக்க.

இதைச் சாலையார் கூடியிருக்கும் இடத்தில் வாசிக்க வேண்டாம். தலைவர் முதலில் தனியே வாசித்து, பின்பு கதைஞர் தாழைக் கண்டனாரை அழைத்து, அவர் கேட்கும்படி மறுபடியும் வாசிக்க. முடிவில் ஒரு கட்டளை இருக்கிறது. நடந்ததை முறையாகச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் கொடுமையாகத் தோன்றும். சொன்ன பிறகும் அப்படித்தான் தோன்றும். ஆனால் காரணமாவது விளங்கும். ஆகவே ஓலை சற்று நீள்கிறது.

மலைநாடான கல்வரைக்கும் நமக்கும் உள்ள பழைய உடன்பாட்டைத் தலைவர் அறிவார். மழை ஓய்ந்து நம் உப்பு வண்டிகள் அவர்கள் கணவாயில் ஏறும்போது, அந்த ஆண்டில் நம் சாலையில் எழுதிய புதுக்கதைகளும் உடன் போகும். அங்கே கதைநோக்கர் என்றொரு பதவி உண்டு. நோக்கர் கதைகளை முழுவதும் படித்து, அரசவையில் நின்று, எது நெஞ்சைத் தொட்டது, எது இடறியது என்று சொல்வார். அதன் பிறகே அந்நாட்டார் படியெடுப்பார்கள்.

இதில் நம்மிடம் இல்லாத வழக்கம் ஒன்று உண்டு. கல்வரையில் குறை சொன்னவர் திருத்தமும் சொல்லியாக வேண்டும். தச்சன் செய்த கட்டிலைப் பழித்தவன் தானே உளியெடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அவர்கள் நியாயம். கதைக்கும் அதுவே விதி. திருத்தம் தெரியாமல் குறை சொன்னவரை அவை எள்ளி உட்கார வைத்துவிடும். வெறும் வாயால் பழிப்போரை அடக்க ஏற்பட்ட நல்ல வழக்கம்தான். அதுவே இப்போது வினையாயிற்று.

இப்போதைய நோக்கர் காரிநங்கையார், கல்தச்சர் குடியில் பிறந்தவர். பாறையைப் பார்த்ததும் அது எந்த வரியில் பிளக்கும் என்று சொல்லும் குடி அது. அவருக்குக் கதையும் அப்படித்தான். எது எதைத் தாங்குகிறது, எதைத் தட்டினால் எது விழும் என்று கண்டுபிடிக்கும்வரை சோறு இறங்காது. கண்டுபிடித்துவிட்டால் பிறருக்கு விளக்காமல் இருக்கவும் முடியாது. நம் தூதர் பூவன் வேளான் அவரைப்பற்றி எழுதும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுவார். இம்முறை வந்த ஓலையில் சிரிப்பு முதல் பாதியோடு நின்றுவிட்டது.

முதலில் அவர் எடுத்தது காதல் கதை. பகைத்த இரு வணிகக் குடிகளின் மகனும் மகளும் ஒரே படகில் பயணம் போகும் கதை. படகுத்துறையில் அவள் அவன் பெயரை முதன்முதலாகச் சொல்லும் இடத்தில் தாம் ஏட்டை மூடி வைத்துவிட்டு அழுததாக அவையில் ஒப்புக்கொண்டார். பிறகு குறைக்கு வந்தார். மழை பெய்கிறது, சத்திரத்தில் ஓர் அறைதான் மிச்சம், வேறு வழியின்றி இருவரும் அதில் தங்குகிறார்கள். இந்த ஆண்டு வந்த காதல் கதைகள் எல்லாவற்றிலும் மழை பெய்கிறதென்றும், எல்லாச் சத்திரத்திலும் ஓர் அறைதான் மிச்சமென்றும் சொல்லி, “திரைக்கூடலில் சத்திரம் கட்டக் கொத்தர் இல்லையென்றால் எங்கள் ஊரிலிருந்து அனுப்புகிறோம்” என்றார். அவை சிரித்து அடங்க நேரமாயிற்று. திருத்தமும் சொன்னார். இரண்டு அறைகளும் காலியாக இருக்க வேண்டும். அவன் எழுந்து வந்து கதவைத் தட்ட வேண்டும். வேறு இடமில்லாமல் பக்கத்தில் கிடப்பதைக் காதல் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

இரண்டாவது, காற்றை அழைக்கும் பெண்ணின் மாயக்கதை. அவள் காற்றை அழைக்கும்போதெல்லாம் அவளுடைய நினைவு ஒன்று கழன்று போகும். தாயின் பெயர் மறந்துபோகும் இடத்தைக் காரிநங்கையார் மெச்சினார். ஆனால் பின்பாதியில் அவள் புயலையே அழைக்கிறாள், ஒன்றும் மறப்பதில்லை. விலை இல்லாத மாயத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றார். விலை ஏறிக்கொண்டே போக வேண்டும். கடைசிப் புயலுக்கு, தான் யாரைக் காப்பாற்ற வந்தோம் என்பதையே அவள் மறக்க வேண்டும்.

மூன்றாவது, நம் தாழைக் கண்டனார் எழுதிய ‘புறத்தாழ் நகரம்’. இனி வரக்கூடிய ஒரு கெட்ட காலத்தின் கதை. அந்நகரில் எல்லா வீட்டுக் கதவுகளுக்கும் தாழ்ப்பாள் வெளிப்புறத்தில் இருக்கும். மாலை மணி அடித்ததும் ஒவ்வொரு வீட்டாரும் அடுத்த வீட்டைத் தாழிட்டுவிட்டுத் தம் வீட்டுக்குள் போக, கடைசிக் கதவைக் காவலன் தாழிடுவான். விடியும்வரை யாரும் யாரோடும் கூடிப் பேச முடியாது. தன் தோழியின் வீட்டைத் தானே தாழிடும் சிறுமியின் பகுதியைப் படித்தபோது காரிநங்கையாரால் மேலே படிக்க முடியவில்லை. அதைத் தூதரிடம் பின்னால் சொன்னார். அவையில் சொல்லவில்லை. அவையில் அவர் எழுந்தபோது முகத்தில் இருந்தது மகிழ்ச்சி. ஏனென்றால் அந்த நகரம் நிற்காது என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

அண்டை வீட்டார் மோர் கொடுத்து மோர் வாங்குகிறவர்கள், தாழ்ப்பாளை ஓசைப்பட அசைத்துவிட்டுப் போடாமலே போய்விடுவார்கள் என்றார். அதைத் தடுக்க வீட்டுக்கு ஒரு காவலன் வேண்டும். அவ்வளவு காவலர் எந்த அரசிடமும் இல்லை. ஆகவே இப்படியொரு நகரம் உலகில் இருக்கவே முடியாது, அஞ்ச வேண்டாம் என்று முடித்தார்.

கல்வரை வேந்தர் அதியரையர் அதுவரை கதைகளில் மனம் செலுத்தியவரல்லர். அந்த ஆண்டு கற்சுரங்கத்தார் சுமையைக் குறைக்கக் கேட்டு, மாலைதோறும் வீட்டுக்கு வீடு கூடிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். காவலர் போதவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “குறை சொன்னீர்கள். திருத்தம்?” என்றார்.

வழக்கம் அது. கேள்வியும் நோக்கருக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரு தட்டுப் பாக்கு வரவழைத்துத் தரையில் தெருத்தெருவாக அடுக்கிப் பொறுமையாக விளக்கினார். அடுத்த வீட்டைத் தாழிடச் சொல்லக் கூடாது. வேறு தெருவில், முகம் தெரியாதவர் வீட்டைத் தாழிடச் சொல்ல வேண்டும். யார் எந்த வீடு என்பதை மாதந்தோறும் சீட்டெடுத்து மாற்ற வேண்டும். ஒரு கதவு திறந்திருந்தால் உள்ளே இருப்பவருக்குத் தண்டனை கூடாது, தாழிடத் தவறியவருக்கே தண்டனை. அப்போது யாரும் இரக்கப்பட முடியாது, ஏனென்றால் இரக்கத்தின் அடி தன் முதுகில் விழும். தெருவுக்கு ஒரு காவலன் நடந்தால் போதும். பாக்குகளை இப்படியும் அப்படியும் நகர்த்தி அவர் காட்டக் காட்ட, அவையோர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்களாம். சொல்லி முடித்து உட்கார்ந்தபோது, பாறை சரியான வரியில் பிளந்ததைக் கண்ட கல்தச்சரின் நிறைவு அவர் முகத்தில் இருந்ததாம்.

வேந்தர் திருத்தத்தை மட்டும் எழுதி எடுக்கச் சொன்னார். படியெடுக்கும் சாலைக்குப் போக வேண்டிய ஏடு தச்சர் சாலைக்குப் போயிற்று. முதலில் சுரங்கத்தார் தெருக்களில் தாழ்ப்பாள்களை வெளியே மாற்றினார்கள். பிறகு நகரம் முழுவதும்.

காரிநங்கையார் அரண்மனைக்கு ஓடினார். அது கதை என்றார். வேந்தர் கோபப்படவில்லை, கதையில் ஓட்டை இருந்ததென்றும் அதை அடைத்தவர் அவரே என்றும் மரியாதையாகச் சொன்னார். வேறு பழுது உண்டா என்றும் கேட்டார். அச்சுறுத்தினால் கைவிடுவார் என்று எண்ணி, தீப்பிடித்தால் தாழிட்ட வீடுகளில் பிள்ளைகள் வெந்து சாவார்கள் என்றார் நோக்கர். வேந்தர் திருத்தம் கேட்டார். அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் வெந்த பிள்ளைகள் கண்முன் நின்றார்கள். தெருவுக்கு ஒரு வீட்டை மட்டும் தாழிடாமல் விட்டு, தீ எழுந்தால் மற்றக் கதவுகளைத் திறக்கும் பொறுப்பை அவ்வீட்டாருக்குத் தரலாம் என்றார்.

விளைவைத் தலைவர் ஊகித்திருப்பார். தீயைப்பற்றிய அச்சம் ஒன்றே அந்த மக்களை ஒன்றாகத் தெருவில் இறக்கியிருக்கும். அது நீங்கிவிட்டது. அதற்குப் பதிலாக, தாழிடாத அந்த ஒரு வீடு தம் வீடாக வேண்டும் என்று தெருவில் எல்லோரும் காவலனுக்கு நெய்யும் பழமும் கொண்டுபோகத் தொடங்கினார்கள். ஒருவர் சேதியை ஒருவர் அவனிடம் கோளாகக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். சுரங்கத்தார் இப்போது எங்கும் கூடுவதில்லை.

அதன் பிறகு வேந்தர் அமாவாசைதோறும் நோக்கரை அழைத்துப் பழுது கேட்கிறார். இல்லை என்கிறார் அவர். அவருக்குப் பொய் சொல்ல வராது. பழுது ஒன்று இருக்கிறது, அது அவருக்குத் தெரியும் என்பதை அவர் முகத்திலேயே படித்துவிட்டதாகப் பூவன் வேளான் எழுதுகிறார். வேந்தரும் படித்திருக்கிறார், அது என்ன என்பது மட்டும் முகத்தில் இல்லை. தூதர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எதையும் விளக்காமல் இருந்தறியாத ஒருவர், ஊரை மீட்கக்கூடிய ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதைச் சொன்னால் அடைபட்டுவிடும் என்பதால் யாரிடமும் சொல்லாமல் இளைத்துக்கொண்டிருக்கிறார்.

தூதர் நோக்கரிடம் விடைபெறப் போன மாலையில், மணி அடித்ததும், நோக்கர் வீட்டைத் தாழிடும் முறைக்காரி வந்தாள். சாயத்தெருவைச் சேர்ந்தவள், கையில் நீலம் காயாதிருந்தது. நோக்கர் தூதரோடு வாசலில் நின்று இன்னும் ஒரு சொல் என்று தாமதித்தபோது அவள் கெஞ்சினாள். “உள்ள போங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமா போகும். இந்த மாசம் எங்க வீட்டு முறை, ஒங்க வாசல் தொறந்து கெடந்தா எங்க வீட்டுக்காரருக்குக் கசையடி. இந்த ஏற்பாட்ட எந்தப் பாவி கண்டுபிடிச்சானோ, அவன் நாக்கு அழுக.” காரிநங்கையார் அவளைப் பார்த்து, “ஆமாம்மா, போயிடறேன்” என்று மட்டும் சொல்லி உள்ளே போனார். தாழ் விழுந்த பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து தூதரிடம் ஒன்று சொல்லி அனுப்பினார். அதைக் கண்டனாருக்கு அப்படியே சொல்லுக: “அந்தச் சிறுமி தோழியின் கதவில் ஒரு நொடி கையை வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அது நன்றாக வந்திருக்கிறது. நான் அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.”

இனி நம் நாட்டுக்கு வந்த வினை. ‘புறத்தாழ் நகரம்’ மிகவும் பயன்பட்டதென்று அதியரையர் பட்டும் குதிரையும் அனுப்பியிருக்கிறார். இரண்டாம் பாகத்தை விரைந்து எழுதியனுப்புமாறும், இயன்றால் கதைஞரையே அனுப்புமாறும் கேட்கிறார். மறுத்தால் கணவாய் மூடப்படும், உப்பு இங்கேயே கரையும், கதைஞரைத் தேடி ஆட்களும் வருவார்கள்.

அமைச்சர் கண்டனாரை அழைத்துச் சொன்னபோது, அவர் முதலில் சிரித்துவிட்டார். “நம்மூரில் ஒருவரும் என் கதையைக் கடைசி ஏடுவரை படித்ததில்லை ஐயா. அவர்கள் படித்ததோடு வாசலில் மாட்டியும் விட்டார்களே” என்றார். அதன் பின் முன்னால் வைத்த சோற்றைத் தொடவில்லை. மறுநாள் ஒரு வழியோடு வந்தார். இரண்டாம் பாகத்தில் மக்கள் தாழ்களை உடைத்து வெளியேறுவதாக எழுதுகிறேன், கல்வரையார் அதைப் படித்து எழுவார்கள் என்றார். நல்ல மனம். ஆனால் அந்த ஏடு மக்கள் கைக்குப் போகுமுன் அவைக்குப் போகும். மக்கள் எவ்வழியில் வெளியேறினாலும், இவ்வழியை அடைப்பது எப்படி என்று வேந்தர் நோக்கரைக் கேட்பார். அவர் வாய் திறக்காவிட்டாலும், எந்த ஏட்டில் அவர் முகம் மாறியது என்று பார்ப்பார். அவர் மறைத்து வைத்திருக்கும் பழுதையே கண்டனாரும் தற்செயலாகத் தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. வெளியேறும் வழியே இல்லாத கதையாக எழுதினால், அது வேந்தருக்கு இன்னொரு பரிசு. எழுதியது எதுவாயினும் அவர்களுக்குப் பயன்படும். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் அமைச்சருக்கு வேறு வாசல் தெரியவில்லை.

ஆகவே கட்டளை. கதைஞர் தாழைக் கண்டனார் கழிமுகத்தில் படகு கவிழ்ந்து இறந்தார் என்று சாலை அறிவிக்க. உடல் கிடைக்கவில்லை என்று சொல்லி, வெற்று விறகை அடுக்கி ஈமக்கடனைச் செய்க. அவர் அன்றே கடலோரத் தீவில் உப்புக் காய்ச்சுவோர் நடுவே வேறு பெயரில் குடியேறுக. எழுத்தாணியைத் தலைவரிடம் ஒப்படைக்க. மணலில்கூடக் கதை எழுதாதிருக்க. காதல் கதைகளும் மாயக்கதைகளும் வழக்கம்போல் கல்வரைக்குப் போகட்டும். வருங்காலத்தைப்பற்றிய கதை ஒன்றும் இனி போக வேண்டாம்.

காரிநங்கையாருக்காவது உண்மையை மறைவாகச் சொல்லியனுப்பலாமா என்று கண்டனார் கேட்பார். அரசியும் அதையே கேட்டார். கூடாது. இறப்புச் செய்தி அவைக்கு வரும் அன்று, அது மெய்யா என்று அறிய அதியரையர் நம் தூதரைப் பார்க்க மாட்டார், நோக்கரின் முகத்தைப் பார்ப்பார். அந்த முகத்துக்கு நடிக்கத் தெரியாது. அவர் நம்ப வேண்டும். தம் திருத்தத்தால் மனம் நொந்தே கண்டனார் இறந்தார் என்றுகூட நம்பக்கூடும். அவையின் நடுவே அவர் மெய்யாகவே அழுவார், வேந்தர் அதைக் கண்டு நம்மை விட்டுவிடுவார்.

இவ்வோலை அரசி கேட்க இருமுறை வாசிக்கப்பட்டது. மாற்றச் சொல் ஒன்றும் இல்லாமையால், அரசி மோதிரக் கையை நீட்டினார். அரக்கில் பதிந்தது திரைக்கூடலின் சங்கு முத்திரை. வாசித்து முடித்ததும் ஓலையை நெருப்பிலிட்டு, பொழுது சாயுமுன் படகைக் கவிழ்க்க.