மருதாணிக் கையோடு நீ கண்டுபிடித்த எழுத்து

நேற்று நாமக்கல் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் இரண்டு கைகளையும் விரித்து மடியில் வைத்திருந்தாள். மருதாணி இன்னும் காயவில்லை. பயணச்சீட்டு வாங்கக்கூட முடியாமல் என்னிடம், "அக்கா, பையில இருந்து காசு எடுத்துக் குடுங்களேன்" என்றாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்ன நினைத்தாளோ! உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலைதான் என் கண்முன் வந்து நின்றது.

கல்லூரி முடித்து நாமக்கல்லில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து நாம் இருவரும் தொடங்கிய தொழிலில், நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. மரவள்ளிக் கிழங்கு போடும் விவசாயிகள் ஜவ்வரிசி ஆலையில் தங்கள் முறையை முன்கூட்டியே பதிவு செய்ய ஓர் இணையதளம். ஆத்தூரில் உன் அத்தா கிழங்கு வியாபாரி. தோண்டிய கிழங்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, ஆலை வாசலில் வண்டியிலேயே கெட்டுப்போகும் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நீ. யோசனையே உன்னுடையதுதான்.

அதுவரை என் லேப்டாப்பில் மட்டும் ஓடிய தளத்தை அன்று காலை கிளவுடில், அதாவது இணையம் வழி வாடகைக்கு எடுத்த கணினியில், ஏற்றிப் பத்து மணிக்குத் திறப்பதாக எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். ஆலைக்காரர்கள் குறித்த நாள் அது, மாற்ற முடியவில்லை. "நீ ஏத்திடுவ, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நீ ஆத்தூருக்குப் போய்விட்டாய்.

பத்து மணிக்குத் தளம் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் பிழை என்று ஒரே ஒரு வரி. நான் மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதேதான். நாலாவது முறை ஏற்றிக்கொண்டிருந்தபோது எருமப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க சாமி, நாளைக்கு மொற கெடைச்சா இன்னைக்கே தோண்டோணும். ஆளுங்க காட்டுல வந்து நிக்கறாங்க. தோண்டலாமுங்களா, வேண்டாமுங்களா?"

"அரை மணி நேரம் பொறுங்க" என்றேன். கல்யாணப் பெண்ணைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் அதுவரை இருந்தேன். வேறு வழியில்லாமல் உன்னைக் கூப்பிட்டேன். உன் சின்னம்மா போனை எடுத்து, உன் இரண்டு கையிலும் மருதாணி என்று சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார்.

"உன் லேப்டாப்புல ஓடுதா?" என்று கேட்டாய்.

"ஓடுது."

"அப்ப கோடுல தப்பில்ல. செட்டிங்ல எங்கயோ இருக்கு. நீ எதையாவது மாத்துனியா?"

"இல்ல" என்றேன். பொய்தான்.

"சரி, லாக் படி. கடைசி வரி வேணாம், அது வெறும் அழுகை. முதல்ல எங்க தடுமாறுச்சுன்னு பாரு."

தளம் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் அந்த லாக்கில் மேலே போய்ப் படித்தேன். தளம் தன் தரவுத்தளத்தைத் தான் இருக்கும் கணினியிலேயே தேடியிருந்தது. என் லேப்டாப்பில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததால் அது சரியாகப் போனது. கிளவுடில் தரவுத்தளம் வேறு இடத்தில் இருந்தது. அந்த முகவரியைத்தான் டேட்டாபேஸ் என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர் கொடுத்து செட்டிங்கில் எழுதியிருந்தோம். அந்தப் பெயரில் எதுவுமே கிடைக்காததால் தளம் பழைய இடத்திலேயே போய் முட்டியிருக்கிறது.

செட்டிங்கைத் திறந்தேன். "ஏய்... காலையில அந்தப் பேரையெல்லாம் அழிச்சிட்டுக் கையால திரும்ப அடிச்சேன்டி. பார்க்க ஒழுங்கா இருக்கட்டும்னு."

திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ திட்டவில்லை. "அப்ப வேல சுலபம். ஒவ்வொரு எழுத்தா வாசி" என்றாய்.

"டி, ஏ, டி, ஏ, பி, எஸ்..."

"நில்லு. பிக்கு அப்புறம்?"

"எஸ்."

"ஏ எங்கடி?"

"விட்டுட்டேன்டி" என்றேன். பிறகு உன் வீட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். என்ன ஏது என்று புரியாமலே மருதாணி வைப்பவரும் சிரித்தார். நீ கைதட்டியே விட்டாய். "ஐயோ, மருதாணி!" என்று சின்னம்மா அலறியது எனக்கு நன்றாகக் கேட்டது.

ஓர் எழுத்தைச் சேர்த்துத் தளத்தை மறுபடி தொடங்கினேன். திறந்தது. எருமப்பட்டிக்காரரின் பெயர்தான் முதலில் பதிவானது. நாளைக்குக் கல்யாணம் ஆகப்போகும் பெண்தான் தவறைக் கண்டுபிடித்தாள் என்று அவரிடம் போனில் சொன்னேன். தாமதத்துக்குக் காரணம் தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவிப்புப் போடப் போனேன். நீ விடவில்லை.

"கோளாறு பாவம், என்னடி பண்ணுச்சு? எங்கள் தவறுன்னு போடு."

அப்படியே போட்டேன். ஒருவரும் கோபிக்கவில்லை. மறுநாள் அந்த விவசாயி கிழங்கு வண்டியை ஆலையில் விட்ட கையோடு, ஒரு வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு உன் கல்யாண மண்டபத்துக்கே வந்துவிட்டார். "பொண்ணு எங்கீங்க? கெழங்கு எறக்கியாச்சுன்னு சொல்லோணும்" என்றார். இடது உள்ளங்கையில் அப்பிப்போன மருதாணியை அவரிடம் காட்டி, "உங்க மொறைக்குத்தாங்க இது கலைஞ்சுச்சு" என்றாய். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடையிலேயே நான் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் சேர்ந்து வேலை செய்தோம். போன வருடம் நோய் உன்னைக் கொண்டுபோனது. அதைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை.

போன வாரம் தளம் திடீரென்று நின்றது. இப்போது இங்கே நாலு பேர் இருக்கிறோம். மற்ற மூவரும் திரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கேட்கும் முன்பே என் வாய் தானாகச் சொன்னது: "காலையில ஒரு செட்டிங்க நான் மாத்துனேன். அங்க இருந்து பாருங்க."

இரண்டே நிமிடத்தில் தளம் எழுந்துவிட்டது. என் குரலில் நடுக்கமே இல்லையடி.