உங்கள் டர்போவைக் கழற்றிவிட்டேன்

டர்போவைத் தவிர வேறெதற்கும் தலை குனியாத என் மாமாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம். நம் காரிலிருந்து உங்கள் டர்போவைக் கழற்றிவிட்டேன். ஆள் வைத்துக் கழற்றவில்லை. துருப்பிடித்த நட்டுகளோடு நானே மல்லுக்கட்டி, முழங்கைத் தோலை உரித்துக்கொண்டு கழற்றினேன். வருத்தம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பதிலாக இப்போது சூப்பர்சார்ஜர் இருக்கிறது. ஆமாம், கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதும் நீங்கள் மறுத்ததும் அதேதான். தடுக்க ஆள் இல்லை என்ற தைரியத்தில் மாட்டிவிட்டாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்திருந்தாலும் மாட்டியிருப்பேன். சண்டை கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

கல்யாணம் பேசி முடித்த அன்று நம்மைத் தனியாகப் பேச விட்டார்களே, நினைவிருக்கிறதா? படிப்பைக் கேட்பீர்கள், சமையலைக் கேட்பீர்கள் என்று நான் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு காருக்கு வேகம் கூட்ட வேண்டுமென்றால் டர்போ போடுவாயா, சூப்பர்சார்ஜர் போடுவாயா? நான் யோசிக்காமல் சூப்பர்சார்ஜர் என்றேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து, இந்தச் சம்பந்தம் இதோடு சரி என்று நினைத்தேன்.

வேறென்ன பதில் சொல்வேன்? நாமக்கல்லில் லாரி டர்போக்களைப் பிரித்து மேயும் பட்டறை உங்களுடையது. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் கம்ப்ரசரைச் சரிசெய்யும் பட்டறை என் அப்பாவுடையது. அந்தக் கம்ப்ரசருக்குள் இரண்டு ஸ்குரூக்கள் ஒன்றோடொன்று பின்னிச் சுற்றிக் காற்றைத் தள்ளும். நல்ல சூப்பர்சார்ஜருக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. சின்ன வயதிலிருந்து அந்த உறுமலைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் அப்பா உங்களுக்குத் தாய்மாமன் என்பதால் உங்கள் ரத்தத்திலும் பாதி கம்ப்ரசர்தான். அதை மட்டும் நீங்கள் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் இரண்டுக்கும் வேலை, எப்படி என்பதில்தான் நம் சண்டை. வீணாய் வெளியே போகிற புகையில் சுற்றுவதுதான் டர்போ, எஞ்சினிடம் அது கையேந்தாது என்பீர்கள். அந்தப் புகை சேர்ந்து, சக்கரம் சுற்றி, காற்று வந்து சேர்வதற்குள் வளைவே முடிந்துவிடும் என்பேன் நான். உங்கள் டர்போ, பந்தி முடிந்த பிறகு வந்து இலை கேட்கிற சொந்தக்காரர் என்றேன் ஒரு நாள். நீங்கள் விடுவீர்களா? எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டிய உன் சூப்பர்சார்ஜர், சமைக்கும்போதே பாதியைத் தின்றுவிடுகிற சமையல்காரர் என்றீர்கள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்ததில் சோறு ஆறிப்போனது.

சிரிக்க முடியாத நாளும் ஒன்று வந்தது. போன மாசியில் அந்த மலைச்சாலை ஓட்டம். எஸ்டேட்காரர்கள் தங்கள் சாலையை ஒரு நாள் அடைத்து வைத்து, ஒவ்வொரு காராக நேரம் குறித்து மேலே அனுப்புவார்களே, அதுதான். நான் ஓட்டுவது, நீங்கள் பக்கத்தில் உட்காருவது என்று ஏற்பாடு. கார் டர்போவை வெளியில் தேடுவானேன் என்று, பட்டறையில் கிடந்த பத்துச் சக்கர லாரியின் டர்போவையே நம் சின்னப் பெட்ரோல் எஞ்சினில் பொருத்தினீர்கள். நாமக்கல்காரரைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. பெரிய டீசல் எஞ்சினின் புகைக்குச் சுற்ற வேண்டிய சக்கரம் அது. நம் காரின் புகை அதைத் தட்டி எழுப்பவே படாதபாடு பட்டது.

நாலாவது கொண்டை ஊசி வளைவில் நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தேன். ஸ்டியரிங் திரும்பியிருந்த நேரம் பார்த்து டர்போ ஒரேயடியாக விழித்துக்கொண்டது. கார் பின்பக்கம் சுழன்று, ஒரு சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கி நின்றது. நமக்கு அடி இல்லை. ஆனால் கயிறு கட்டி இழுக்க வந்தவர்கள் ஓட்டியது யார் என்று எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததும் சிரித்தார்கள். பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று உங்கள் அண்ணன் சத்தமாகவே சொன்னார்.

நீங்கள் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் மாமா. டர்போவின் தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஏன்? பட்டறையின் பெயர் போய்விடும் என்றா? இதை உங்களிடம் நேரே கேட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் வழக்கம்போல எஞ்சினை ஓடவிட்டீர்கள். ஓடிக் கொதித்த டர்போவைப் பட்டென்று நிறுத்தினால் உள்ளே எண்ணெய் கருகிவிடும், மூன்று நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும் என்பது லாரிக்காரர் பழக்கம். கடைக்குப் போய்வந்தாலும் உங்களுக்கு அந்த மூன்று நிமிஷம் வேண்டும். வீட்டுக்கு வந்தும் ஏன் வண்டியிலேயே குந்தியிருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டார் கேட்காத நாளில்லை. “ஆறட்டும் சாமி” என்று என்னையும் இறங்கவிட மாட்டீர்கள். வீட்டு விஷயம் முழுவதையும் நாம் பேசி முடித்தது அந்த மூன்று நிமிஷங்களில்தான். என் அம்மா போன செய்தியை நீங்கள் எனக்குச் சொன்னதும் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான்.

அன்றைக்கும் அப்படித்தான் வாயைத் திறந்தீர்கள். “தப்பு உன் கைல இல்ல சாமி. நாந்தான் பெருசாப் போட்டுட்டேன். அடுத்த வருசம் எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போடறேன்.”

எனக்குக் கோபம் ஏறியது. சிரித்தது இந்த வருஷம், சொல்வது அடுத்த வருஷமா? நாலே மாசத்தில், ஆனி மாசம் ஒரு காலையில், பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. என் கையில் தப்பில்லை என்று தெரிந்த ஒரே ஆளும் போயாயிற்று. அழுகைக்கு நடுவிலும் அந்தக் கோபம் போகவில்லை மாமா. பொய் சொல்ல மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் அண்ணன் பேச்சை எடுத்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒருவர் காரைக் கேட்கிறாராம், இன்னும் பார்க்கவில்லையாம், ஆனாலும் டர்போவோடு அப்படியே வேண்டுமாம். “வித்துப்போடலாம் அம்மிணி. மலையேறறதெல்லாம் உன் கைக்கு ஆவாது. மாசியிலயே பாத்தமல்ல” என்றார். அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை என்பது தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது.

“இன்னொருக்கா ஏறிப் பாக்கறனுங்க. உச்சி வரைக்கும் ஏற முடியலீன்னா நானே சாவியக் கொண்டாந்து குடுக்கறனுங்க” என்றேன். சொன்ன பிறகுதான் என் வாய் எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரிந்தது.

ஃபேர்லேண்ட்ஸ்காரர் ஒரு நாள் காரைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். உங்கள் டர்போவைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் கவனித்தேன். டர்போ வேண்டாம் என்பதில்லை அக்கா, இதில் பாதி அளவில் ஒன்று போட்டால் எஞ்சின் பறக்கும், பெட்ரோலும் கம்மியாகக் குடிக்கும் என்றார். அவர் சொன்னது சரி. நேரான சாலையாக இருந்தால் நானே அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த மலையில் நேரான சாலை எங்கே இருக்கிறது? ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். எஞ்சின் தணிந்து சுற்றும்போதே மிதித்தவுடன் காற்று வேண்டும். அதற்கு சூப்பர்சார்ஜர்தான் என்று முடிவு செய்தேன். என் பிடிவாதமும் அதில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

உடைத்த வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து பழைய சூப்பர்சார்ஜர் கிடைத்தது. ஆட்டையாம்பட்டியில் விசைத்தறிக்குப் புல்லி கடைந்து தருகிறவரிடம் அதற்குப் பெல்ட் ஓடும் புல்லி கடையச் சொன்னேன். இங்கேதான் என் திருச்செங்கோட்டுப் புத்தி வேலை செய்தது. ரிக்கில் காற்று எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது, அத்தனை அடி ஆழம் இறங்கும். அதனால் புல்லியைச் சின்னதாக, இன்னும் சின்னதாக என்று கடையச் சொன்னேன். புல்லி சிறுத்தால் ஸ்குரூ வேகமாகச் சுற்றும், காற்று கூடும். ஆத்தூர் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி எஞ்சினுக்குள் சத்தம். பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டனின் தலையே உருகியிருந்தது.

என் அப்பா வந்து பார்த்தார். “பாறையத் தொளைக்கறதுக்கா சாமி போறே?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு நீங்கள் இருந்திருந்தால் என்ன ஆட்டம் ஆடியிருப்பீர்கள். லாரியைத் தூக்கிக் காரில் வைத்தவர் நீங்கள் என்றால், ரிக்கைத் தூக்கி வைத்தவள் நான். உருகிய பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உங்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். பெரிய புல்லி கடைந்து, வேறு பிஸ்டன் போட்டு, காற்றை எஞ்சின் தாங்குகிற அளவில் நிறுத்தினேன்.

இந்த மாசியில் மலைக்குப் போனேன். பக்கத்து சீட் காலி. உங்கள் அண்ணன் முன்னாலேயே உச்சிக்குப் போய் நின்றிருந்தார், சாவியை வாங்கிக்கொள்ளத்தான் என்று நினைத்தேன். முதல் மூன்று வளைவுகள் எப்படிப் போயின என்று தெரியாது. நாலாவதில் அந்தக் கால்வாய் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பி, பாதி வளைவிலேயே மிதித்தேன்.

கார் போனது மாமா. மிதித்த அந்த நொடியே போனது. காத்திருக்கவும் இல்லை, உதறவும் இல்லை. கால் கேட்டது, எஞ்சின் கொடுத்தது. உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்தினேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக.

ஜெயித்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஜெயித்தது டர்போ கார்தான், அதுவும் அந்த ஃபேர்லேண்ட்ஸ்காரருடையது, அவர் சொன்ன மாதிரி சின்ன டர்போ. சிரித்து முடித்தாயிற்றா? எனக்கு அதில் ஒன்றும் குறையில்லை. கால்வாயைத் தாண்டி, ஒரு கல் கூடத் தெறிக்காமல், நான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கக் கை போனது, அணைக்கவில்லை. பெல்ட்டில் சுற்றுகிற சூப்பர்சார்ஜருக்கு அந்த மூன்று நிமிஷம் தேவையே இல்லை. தெரிந்தும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அண்ணன் ஜன்னலருகே வந்தார். “அதுலதான் டர்போவே இல்லியே அம்மிணி, இன்னும் எதுக்கு ஓட வுட்டுட்டு இருக்கறே?”

“ஆறட்டுங்க” என்றேன்.

அவர் சுற்றி வந்து கதவைத் திறந்து உங்கள் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைப் பற்றிப் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “டர்போ பெருசாப் போச்சு, அவ மேல தப்பில்லைன்னு அவன் அடுத்த நாளே எங்கிட்ட வந்து சொன்னான். பொண்டாட்டிய உட்டுக்குடுக்காமப் பேசறான்னு நெனச்சுட்டேன்.”

அடுத்த நாளே சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் அதைச் சொல்லவில்லை. அண்ணன் நம்பவில்லை என்று தெரிந்தால் நான் நொந்துபோவேன் என்றா? ஒரு வருஷம் உங்கள் மேல் கோபமாக இருந்தேனே, அதை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். உங்கள் அண்ணன் இறங்கிப் போகவில்லை.

எல்லோர் முன்னாலும் சொல்வதாக நீங்கள் சொன்னதை நான் இங்கே எழுதிவிட்டேன், படிப்பவர்கள் படிக்கட்டும். காரை விற்க மாட்டேன். சூப்பர்சார்ஜரையும் கழற்ற மாட்டேன், நீங்களே கனவில் வந்து கேட்டாலும் சரி. ஆனால் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மூன்று நிமிஷம் எஞ்சின் ஓடும். தேவையில்லை என்று எந்த மெக்கானிக் வந்து சொன்னாலும் ஓடும். பக்கத்து சீட்டில் யாரும் சாமான் வைக்க விட மாட்டேன்.

இன்னும் உங்களோடு சண்டை போட்டு முடிக்காத,
உங்கள் தாய்மாமன் மகள்,
சுமதி