அப்பா தட்டிய இடங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், உன்னையும் உன் கப்பலையும் கடல் நல்லபடியாக வைத்திருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வரியில் அப்பாவும் நலம் என்று எழுதுவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அதற்கு முன்னால் பதினொரு நாள் கதை இருக்கிறது, முறையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். இந்தக் கடிதம் உங்கள் கம்பெனி ஆபீஸ் வழியாக அடுத்த துறைமுகத்தில்தான் உன் கைக்கு வரும் என்று தெரியும். எஞ்சின் ரூமில் நிற்கிறவளிடம் பாதிச் செய்தியைப் போனில் சொல்லிப் பதற வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் உட்கார்ந்து படி, கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நீ லீவு முடிந்து போன மூன்றாவது வாரம், அப்பா பார்த்து வந்த ஒரு நர்சிங் ஹோமில் லிஃப்ட் மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தது. உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆள், தரை துடைக்கிற அம்மா, கையில் வாளியோடு. இரண்டு காலும் போய்விட்டது மகளே, முறிந்தது என்று சொல்கிற மாதிரி இல்லை. கயிறுகள் அறுந்திருந்தன, பிடித்து நிறுத்த வேண்டிய பிரேக் பாதிதான் பிடித்தது. இரண்டு மாதம் முன்னால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர் அப்பா. கம்பெனியில் அன்றைக்கே டூல்பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு, விசாரணை முடியும் வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், கையில் ஸ்பேனர் இல்லாமல் ஹாலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்திருக்கிறார். அவள் ஏசவில்லையாம், அழவும் இல்லையாம். "நீங்க நல்லாயிருக்குன்னு எழுதி ஒட்டியிருந்தீங்க ஐயா, அத நம்பித்தானே நாங்க எல்லாரும் ஏறினோம்" என்று மட்டும் சொன்னாளாம். மறுநாள் காலையில் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஒரு துணிப்பையோடு கிளம்பினார், வரவில்லை. பர்ஸ், ஏடிஎம் கார்டு எல்லாம் மேஜை மேலேயே இருந்தது. போன் மட்டும்தான் அவரிடம். அழைத்தால் சுவிட்ச் ஆஃப்.

அந்தப் போனில் தட்டிப் பணம் கட்டுகிற வசதியை நீதானே போட்டுக் கொடுத்தாய். நம் பேங்கில் அது அப்போதுதான் வந்திருந்தது. சின்னத் தொகை என்றால் மெஷினில் காட்டினாலே போதும், எதுவும் கேட்காது. கொஞ்சம் பெரிய தொகை என்றால் விரல் ரேகை கேட்கும். ஒரு நாளைக்கு மொத்தத்தில் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு, அதையும் நீதான் அடிமட்டத்தில் வைத்தாய், அப்பா யாரிடமாவது ஏமாந்துவிடுவார் என்று. கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் அவர் எங்கே தட்டினாலும் என் போனுக்குத் தகவல் வரும். அன்று சாயங்காலம் முதல் தகவல் வந்தது, பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. அப்பாடா என்று உட்கார்ந்தேன். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் வந்தது வேறு ஊர் டீக்கடை. அதற்கு மறுநாள் இன்னும் தள்ளி ஒரு ஊர். டீ, ரொட்டி, பஸ் டிக்கெட், மறுபடி டீ, எல்லாமே சின்னத் தொகை.

போலீஸ் ஸ்டேஷனுக்கு மாடிவீட்டு டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுதிக்கொண்டவர் நல்ல மனுஷன்தான். "டீ குடிக்கிறது உங்க வீட்டுக்காரர்தான்னு எப்படிம்மா சொல்றீங்க. போன் வேற எவன் கையிலயாவது இருக்கலாம். சின்னத் தொகைக்குத்தான் ஒண்ணும் கேக்காதே" என்றார். அதுவரை ஒவ்வொரு தகவலும் எனக்கு அவர் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது. அதற்கப்புறம் போன் சிணுங்கினால் எடுத்துப் பார்க்கவே பயந்தேன். முகம் தெரியாத ஒருவன் அவர் போனை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான், அவர் எங்கேயோ கிடக்கிறார் என்று மனம் படம் போட்டுக் காட்டியது. பேங்க் உதவி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். தொலைந்த போன் என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும், அதுதான் விதி என்றாள். நிறுத்தட்டுமா என்று மூன்று தடவை கேட்டாள். திருடன் கையில் இருந்தால் நிறுத்துவதுதான் சரி, அவர் கையிலேயே இருந்தால் கையில் காசில்லாத மனுஷனின் ஒரு வாய் டீயையும் நான் பிடுங்கியது போல ஆகும். நிறுத்த வேண்டாம் என்றேன். அவள் எதையோ தட்டி எழுதிக்கொண்டாள். அப்புறம், "சரிம்மா, நீங்க சொன்னதா குறிச்சுக்கிறேன். அவரோட நெட் ஆஃப்ல இருந்தாலும் தட்டினா போகும், அதனால போன் கிடைக்கலைன்னா மட்டும் பயந்துடாதீங்க. பெரிய தொகை எதாவது வந்தா உடனே என்னைக் கூப்பிடுங்க" என்று தன் நேரடி எண்ணைக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் வந்த தகவலில் ஹார்டுவேர் கடை என்று இருந்தது. நீ பெரியவள், உன்னிடம் மறைப்பானேன். ஹார்டுவேர் கடையில் என்னென்ன விற்பார்கள் என்று எனக்கும் தெரியும், அப்பா கிளம்பின அன்று அவர் முகம் எப்படியிருந்தது என்றும் தெரியும். என் மனம் போகாத இடமெல்லாம் போய்விட்டு வந்தது. அந்த ஊர்க் கடைக்குப் போன் செய்தால் எடுப்பவர் இல்லை. அன்றைக்குப் பூராவும் அடுத்த டீக்கடைக்காகக் காத்திருந்தேன், வரவேயில்லை. மறுநாள் பத்து மணிக்குத்தான் வந்தது. அன்றைக்கும் ஹார்டுவேர், அதற்கு அடுத்த நாளும். மூன்று ஊர், மூன்று கடை. உயிரை விட நினைக்கிறவன் மூன்று தடவை கடைக்குப் போவானா என்று டீச்சர் கேட்டாள். அது ஆறுதலா என்ன என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் அன்றுதான் ஒரு பிடி சோறு இறங்கியது.

எட்டாம் நாள் மதியம், பணம் போகவில்லை என்று ஒரு தகவல். அளவுக் கருவிகள் விற்கிற கடை, பெரிய தொகை. இரண்டு நிமிஷத்தில் மறுபடி அதே தொகை, அதுவும் போகவில்லை. பேங்க் பெண்ணை அழைத்தேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அவளும் எழுந்து நின்றிருப்பாள் போல, நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "அம்மா, இது ரேகை கேட்கிற தொகை. ரேகை சரியா இருக்கு, ரெண்டு தடவையும். தினசரி வரம்பு தாண்டினதால மட்டும்தான் நின்னுருக்கு. விரல் அவரோடதுதான்" என்றாள். வரம்பை உயர்த்த வேண்டுமா என்று கேட்டாள், கணக்கில் பெயர் இருக்கிற நானே சொல்லலாமாம். எதற்கு, என்ன வாங்குகிறார் என்று எதுவும் யோசிக்கவில்லை. உயர்த்து கண்ணு என்றேன். பிறந்த தேதி, அது இது என்று நாலு கேள்வி கேட்டு உயர்த்தினாள். எதிர்முனையில் அவள் இருக்கும்போதே மூன்றாவது தகவல் வந்தது, பணம் போய்விட்டது. கடையிலேயே நின்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அளவுக் கருவி என்றதும்தான் எனக்குப் பொறி தட்டியது. அலமாரியில் இருந்த அவருடைய சர்வீஸ் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இந்த வருஷம் அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்டுகள் ஒன்பது. டீக்கடை வந்த ஊர்கள் அந்த நோட்டில் இருந்த வரிசையிலேயே இருந்தன. விழுந்தது போக மீதி எட்டையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்தது ஒரு பெண்கள் விடுதி. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் லிஃப்ட் வாசலில் உட்கார்ந்தேன், வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று பத்துத் தடவை கேட்டான். பதினொரு மணிக்கு வந்தார். தாடி, அழுக்குச் சட்டை, பாதி உடம்பாக இருந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிடக்கூட இல்லை, "வரம்ப நீதான் ஏத்தினியா" என்றார். வேற யாரு ஏத்துவா என்றேன். அப்புறம் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதோம். கம்பெனிக்காரர்கள் விடாமல் அழைத்ததால் போனை அணைத்துவிட்டாராம், காசு கட்ட மட்டும் ஆன் செய்திருக்கிறார். "உங்கிட்ட சொன்னா விடமாட்டியே" என்றார். விட்டிருக்க மாட்டேன்தான்.

அவர் கண்டதைச் சொல்கிறேன். நாலு லிஃப்டில் கயிறு புதிதாகத் தெரிகிறது, உள்ளே இழை இழையாக அறுந்து மெலிந்து கிடக்கிறது. எல்லாம் கம்பெனி ஒரே லாட்டில் வாங்கின மலிவான கயிறு. கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும், அன்றைக்கு அவர் அளக்காமல் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதை அவர் மறுக்கவில்லை. ஆபத்தான ஒவ்வொன்றிலும் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வைத்திருக்கிறார், ஹார்டுவேர் கடைகளில் வாங்கியது அந்தப் பூட்டுகள். முதல் ஊர்களில் இரவல் கருவியால் அளந்தவர், எட்டாம் நாள் வாங்கியது கயிறை நுணுக்கமாக அளக்கிற சொந்தக் கருவி. கம்பெனி மேனேஜர் என் போனுக்கே அழைத்தார். கயிற்றைப் பற்றி வாய் திறக்காமல், தப்பு தன்னுடையது என்று அப்பா எழுதிக் கொடுத்தால் பென்ஷன் பத்திரமாம், இல்லையென்றால் பூட்டை வைத்தே போலீஸ் கேஸாம். குரலில் அத்தனை மரியாதை, கேட்டால் நம் மேல் அக்கறை என்றுதான் தோன்றும்.

இப்போது எட்டாவது கட்டடத்தில் இருக்கிறோம், பதினொரு மாடிக் குடியிருப்பு. இதன் கயிறுதான் எல்லாவற்றிலும் மோசம். பூட்டுப் போட்டு ஒரு மணி நேரமாகிறது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் கத்திவிட்டுப் போயிருக்கிறார், கம்பெனி ஆட்கள் பூட்டை வெட்டுகிற கத்தரியோடு கிளம்பிவிட்டார்களாம், போலீஸையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். நான் மொட்டை மாடிக்குப் போகிற படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகள் லிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கிற சத்தம் இங்கே கேட்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை செய்யும்போது கையுறை போடாமல் இருக்காதே. கயிறுகளின் படமும் அளவும் உன் ஈமெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன், எங்களுக்கு என்ன ஆனாலும் அதை அழித்துவிடாதே, விபத்தை விசாரிக்கிற அரசு அதிகாரிக்கு நீயும் ஒரு பிரதி அனுப்பு. அப்பாவிடம் பேசினால் ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்காதே. எந்தக் கடலில் இருந்தாலும் நீ தலைநிமிர்ந்து நல்லாயிருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். கீழே வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. மெஷின் ரூம் கதவுக்கு முன்னால் அப்பா தனியாக நிற்கிறார், இதை ஒட்டி, எங்களுக்குத் துணையாக இங்கே வந்திருக்கிற டீச்சரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு நானும் அவர் பக்கத்தில் போய் நிற்கப் போகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா