அன்ரன் அண்ணை தெரிந்தெடுத்த உருக்கு

என் அன்ரன் அண்ணைக்கு,

இங்கே டென்மார்க்கில், விபோர்க்கில் இன்னும் பனி கரையவில்லை. உங்கள் கல்லறைக்குப் போகிற பாதையை நேற்றுத்தான் வழித்துவிட்டிருக்கிறார்கள். அங்கே வந்து சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் இதை நாலு பேர் வாசிக்கவும் வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் தொழிற்சாலைக்கு நோர்வேயிலிருந்து வேட்டைத் துப்பாக்கி விற்கிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். உற்பத்திப் பொறுப்பாளர் பிரெபென் அவர்களை அளவு பார்க்கும் அறைக்குக் கூட்டிவந்தார். நான் இன்னமும் அங்கேதான் குழல்களின் உட்துளையை அளந்துகொண்டிருக்கிறேன். பிரெபென் கிறீன்லாந்துக்குப் போகிற மெல்லிய குழல் ஒன்றை எடுத்துக் காட்டி, "இதற்கு ஸ்ரெயின்லெஸ் உருக்கு வேண்டாம், குரோமியமும் மொலிப்டினமும் கலந்த குரோம்-மொலி உருக்குத்தான் என்று ஆரம்பத்திலேயே நான் முடிவெடுத்தேன்" என்றார். எனக்கு முன்னால் நின்று சொன்னார், அண்ணை.

அது யாருடைய முடிவு என்று எனக்குத் தெரியாதா? உங்கள் டெனிஷ் போதாதென்று அதை எழுதிக் கொடுத்ததே நான்தானே.

கிறீன்லாந்துக்குத் துப்பாக்கி வேண்டுமென்று கட்டளை வந்த நாள் நினைவிருக்கிறது. படகிலும் நாய்வண்டியிலும் கொண்டுபோகிற துப்பாக்கி. குழல் மெல்லிதாகவும் பாரமில்லாமலும் இருக்க வேண்டும். கடல் உப்புக்குத் துருப்பிடிக்காது, பார்க்கவும் பளபளப்பு என்று பிரெபென் ஸ்ரெயின்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் இரண்டு உருக்கையும் தினமும் லேத்தில் கடைகிறவர். மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொன்னீர்கள்.

"அந்த ஸ்ரெயின்லெஸ் ஏன் லேசா வெட்டுப்படுது தெரியுமோ பிள்ளை? வெட்டுறதுக்கு வசதியா அதுக்குள்ளை கந்தகம் கலந்திருக்கு. தடிச்ச குழலெண்டால் நல்ல சாமான். குறி பாத்துச் சுடுற போட்டிக்காரருக்கு அதுதான் திறம். ஆனா மெல்லிசாக் கடைஞ்சு, அந்தக் குளிருக்கை கொண்டுபோய் வெடி வைச்சால் வெடிச்சுப் பிளந்திடும் எண்டு எனக்குப் பயம்."

"அப்ப மற்றது துருப்பிடிக்குமே, அண்ணை?"

"ஓம், பிடிக்கும். எண்ணெய் பூசட்டும், துரு ஏறாமல் மேலுக்குக் கருநீலப் பூச்சுக் குடுக்கட்டும். குரோம்-மொலி குளிருக்குத் தாக்குப்பிடிக்கும்."

இதை ஒரு தாளில் டெனிஷில் எழுதி, முதல் பிரதியை வீட்டில் வைத்துவிட்டு, நகலைக் கொண்டுபோனோம். பிரெபென் அதை வாங்கி, வாசிப்பதைப் பாதியில் நிறுத்தினார். "அன்ரனை லேத்தில் நிற்கத்தான் எடுத்தோம். யோசிக்க எஞ்சினியர்கள் இருக்கிறார்கள்." நான் அதை உங்களுக்கு மொழிபெயர்க்காமல் நின்றேன். நீங்கள் விளங்கிக்கொண்டு தலை குனிந்தீர்கள். ஊரில் சிமெந்துத் தொழிற்சாலையில் பதினொரு வருசம் இயந்திரம் திருத்திய மனிதனுக்கு யோசிக்கத் தெரியாதாம்.

நீங்கள் விடவில்லை. எஸ்பியர்க்கில் மீன் பதனிடும் இடத்தில் வேலை செய்த யேசுதாசன் அண்ணையிடம் ஒரு பெட்டி உலர்பனிக்கட்டி வாங்கிவந்தீர்கள். இரண்டு உருக்கிலும் ஒவ்வொரு துண்டை ஒரே அளவாகச் சீவி, அதற்குள் புதைத்து வைத்தீர்கள். மதிய இடைவேளையில் ஒவ்வொன்றாகப் பிடியில் இறுக்கிச் சுத்தியலால் அடித்தீர்கள். ஸ்ரெயின்லெஸ் மூன்றாம் அடியில் இரண்டாக முறிந்தது. குரோம்-மொலி வளைந்தது, முறியவில்லை. மேற்பார்வையாளர் ஹென்னிங் பக்கத்தில் நின்று பார்த்தார். அவரே போய் பிரெபெனைக் கூட்டிவந்தார். பிரெபென் முறிந்த துண்டுகளைக் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டு, "சுத்தியல் ஆய்வுகூடம் இல்லை" என்று சொல்லிப் போனார்.

முதல் ஆறு குழலும் ஸ்ரெயின்லெஸ்ஸில்தான் செய்தார்கள். குளிரவைத்துச் சுட்டுப் பார்த்தபோது நாலாவது குழல் நீளத்துக்குப் பிளந்தது. தடுப்புப் பலகைக்கு அருகில் நின்ற ஹென்னிங்கின் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அடுத்த கிழமையே உருக்கை மாற்றினார்கள். நான் எழுதிய தாளை ஆரோ தட்டச்சு செய்திருந்தார்கள். கீழே பிரெபெனின் கையெழுத்து இருந்தது.

நான் கத்தப் போனபோது நீங்கள்தான் மறித்தீர்கள்.

"விடு பிள்ளை. இனி ஆருக்கும் வெடிக்காது, அது காணும். வேலை போனால் றெஜினாவையும் பிள்ளையையும் கூப்பிடேலாது."

ஊரில் போருக்குள்ளே துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவர், இங்கே துவக்குக் குழல் கடைந்தீர்கள். அண்ணியைக் கூப்பிட வேண்டும் என்பதற்காக அதையும் செய்தீர்கள், வாயையும் மூடிக்கொண்டீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கசந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா?

அந்தக் காலம் முழுவதும் அண்ணி மகள் டிலானியோடு கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் காத்திருந்தா. அவர்களை இங்கே கூப்பிட நீங்கள் கொடுத்த விண்ணப்பம் "பரிசீலனையில்" என்று மட்டும் பதில் வரும். ஒவ்வொரு தடவையும் நகலை எடுத்து, பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருக்குமோ, திருமணச் சான்றிதழில் முத்திரை மங்கியிருக்குமோ என்று பார்த்தீர்கள். எங்களில்தான் பிழை என்று நம்பினோம். எங்கள் சனத்தின் விண்ணப்பங்களை எடுத்துப் பார்க்கவே வேண்டாம் என்று மேலிடத்திலேயே நிறுத்திவைத்திருந்தார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு காலை, தொழிற்சாலை உடைமாற்றும் அறையில் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் இதயம் நின்றுவிட்டது. நாலு மாதம் கழித்து அண்ணிக்கும் டிலானிக்கும் அனுமதி வந்தது, உங்கள் பெயருக்கு. நான் குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் பேசிய பெண் மரியாதையாகவே சொன்னாள், "சேர்ந்து வாழ இங்கே ஆள் இல்லாதபடியால் இது செல்லாது."

எங்கள் சனத்தின் விண்ணப்பங்களை நிறுத்திவைத்ததைப் பற்றிய விசாரணை அறிக்கை இந்த ஜனவரியில் வந்தது, அண்ணை. செய்தது சட்டவிரோதம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அரசாங்கமே பதவி விலகியது. கோயிலில் சனம் நீதி கிடைத்துவிட்டதென்று கைகொடுத்தார்கள். ஆருக்குக் கிடைத்தது? அமைச்சர்கள் வீட்டுக்குப் போனார்கள். அண்ணி இன்னும் அதே அறையில் இருக்கிறா.

அதனால்தான் நேற்று என்னால் பேசாமலிருக்க முடியவில்லை. அளவுக் கருவியை வைத்துவிட்டு, விருந்தாளிகளைப் பார்த்துச் சொன்னேன், "அந்த முடிவு என் அண்ணனுடையது. எழுதியது நான். முதல் பிரதி என் வீட்டில் இருக்கிறது." பிரெபென் சிவந்துபோய், "இது அதற்கான நேரமில்லை" என்றார். "உங்களுக்கு ஐந்து வருசம் நேரம் இருந்தது" என்றேன். வந்தவர்களில் வயதான ஒருவர், உங்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டார். கந்தகத்தையும் உலர்பனியையும் சொன்னேன். உங்கள் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

இன்று காலை அந்தப் பிரதியை முதலாளியின் மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டு, கோப்பில் பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறார். மாற்றுவார்களோ தெரியாது. சாட்சி வேண்டுமென்றால் தான் வருவதாக ஹென்னிங் சொன்னார்.

நாளைக்கு ஒரு சட்டத்தரணியைப் பார்க்கிறேன். சட்டவிரோதமாகத் தடுத்துவைத்த மனைவியை, கணவன் செத்துவிட்டான் என்று சொல்லி மறுபடியும் தடுக்க முடியுமா என்று கேட்கப்போகிறேன். முடியும் என்றால், அதை எழுதித் தரச் சொல்லி, எழுதியவரின் கையெழுத்தோடு பத்திரிகைக்குக் கொடுப்பேன். அண்ணியும் டிலானியும் கஸ்ரப் விமான நிலையத்தில் வந்து இறங்கும்வரை நான் ஓயமாட்டேன். அன்றைக்கு வேலைக்கு லீவு கேட்கமாட்டேன், போடுவேன். முதலில் உங்களிடம்தான் கூட்டிவருவேன்.

உங்களோடு கூடப் பிறந்த ஒரே தங்கை,
பிலோமினா