இடது பக்கம் சாய்ந்த வண்டி

இன்று காலை வண்டி மறுபடியும் விழுந்தது. வழக்கம்போல இடது பக்கம்தான். பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கினேன். சிந்திய பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும் வாயில் வந்தது உன்னைத் திட்டும் வசவு. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது என்பது திட்டி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்காக வாபஸ் வாங்கவில்லை.

தொண்ணூற்று நாலில் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய புல்லட். அப்போதே அதற்கு நம் வயது இருக்கும். தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில் ஃபிட்டர்கள், புனேயில் சாங்விப் பக்கம் அடுத்தடுத்த சந்து. ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு என்று முறை வைத்தோம். ஞாயிறு காலை சாவி கைமாறும். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய இன்ஸ்பெக்டர் மாதிரி வண்டியைச் சுற்றி வந்து கீறல் தேடுவாய். அப்புறம் "செரி, குடு" என்பாய். எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஸ்டாண்டில் போய் முடிந்தது. வண்டிச் சட்டத்தின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் காது. அவற்றின் ஓட்டையில் கோர்த்த இரும்புப் பின்னில்தான் பெரிய ஸ்டாண்ட் திரும்பும். நம் வண்டியில் இரண்டு ஓட்டையும் தேய்ந்து முட்டை வடிவமாகி, வண்டி தள்ளாட ஆரம்பித்தது. யார் தேய்த்தது? ஆடிக் கிருத்திகைக்குக் கோயில் பந்தியில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, நீ சத்தமாகச் சொன்னாய்: "இந்தக் குள்ளனுக்குக் கால் எட்டல. ஸ்டாண்டுல போட்டு மேல ஏறி நின்னுதான் உதைக்கிறான். காது இன்னாத்துக்கு ஆவும்?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். "நீ மட்டும் யோக்கியனா? வடாபாவ் கடையாண்ட ஸ்டாண்ட் போட்டு, ரெண்டு காலையும் இடது பக்கமா தொங்கப் போட்டுக்கினு மணிக்கணக்கா கதை பேசறியே, அதுல தேயாதா?" என்று கத்தினேன்.

எனக்குக் கால் எட்டாது, உண்மைதான். ஸ்டாண்டில் போட்டுத்தான் உதைத்தேன், அதுவும் உண்மை. தனியாகச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஊரைக் கூட்டியா சொல்வது?

அதற்கப்புறம் நீ போகும்வரை ஐந்து வருஷம் பேசவில்லை. ஆனால் முறை மட்டும் தவறவில்லை, பார்த்தாயா! ஞாயிறு காலை வண்டியை அடுத்தவன் வாசலில் நிறுத்தி, சாவியைச் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டு நடப்போம். ஷாப்பில் எதிரெதிரே நின்று அரம் போட்டோம். "அந்த ரீமரைக் குடு" என்பதைக்கூட மூன்றாவது ஆள் மூலம் கேட்டோம்.

சண்டைக்குப் பிறகு வண்டி இடது பக்கம் மட்டுமே சாய்ந்தது. எனக்கு ஒரே குஷி. உதைக்கும் பக்கம் வலது, நீ தொங்கும் பக்கம் இடது, அப்போது குற்றவாளி யார் என்று ஷாப் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தேன். நீ தலை நிமிராமல் அரம் போட்டுக்கொண்டிருந்தாய். நான் அந்தப் பின்னைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. கழற்றினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

உன் காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரி சாவியை என்னிடம் நீட்டி, "இனிமே எல்லா வாரமும் உங்க வாரம்தாண்ணா" என்றாள்.

இன்று சந்து முனை மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிப்போனேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை அவன். "நிகால் டாலோ காகா, சைட் ஸ்டாண்ட் பஸ் ஹை" என்கிறான். சைட் ஸ்டாண்டே போதுமாம், பெரிய ஸ்டாண்டைக் கழற்றி எறிய வேண்டுமாம்! அவனை நாலு கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி நானே பின்னைத் தட்டி எடுத்தேன்.

இடது காது முட்டை வடிவம். வலது காதில் வெண்கல புஷ், தேய்ந்த ஓட்டைக்குள் இறக்கும் குட்டிக் குழல். ஓட்டையைப் பெரிதாகக் கடைந்து, புஷ்ஷை இறக்கி, ரீமர் போட்டு உள்துளையை இழைத்து, கிரீஸ் தடவியிருந்தது. பின்னை விரலால் அழுத்தியதுமே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஒரு நூல் ஆட்டம் இல்லை. இந்தக் கை வேறு யாருடையது?

நான் தேய்த்த காதுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, நீ தேய்த்ததை அப்படியே விட்டிருக்கிறாய்.

கரி அப்பிய கையோடு உன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சண்டை போட்ட மறுவாரமே செஞ்சிட்டாருண்ணா," என்றாள் உன் வீட்டுக்காரி. "இன்னொண்ண, 'அவன் வந்து கேட்டா ரெண்டு பேருமா சேந்து போடலாம்'னு சொல்லி வச்சிருந்தாரு. டப்பாலயே கீது." எண்ணெய்த் துணியில் சுற்றிய இரண்டாவது புஷ்ஷை எடுத்து வந்து கொடுத்தாள்.

ஏண்டா, நான் வந்து கேட்க வேண்டுமா? பந்தியில் அத்தனை பேர் முன்னால் திறந்த வாய், என் வாசலில் சாவி மாட்டும்போது எங்கே போயிற்று? ஷாப் முழுக்க உன்னைக் குற்றவாளி என்று சொல்லித் திரிந்தேனே, என்னை நிறுத்தியிருக்கக் கூடாதா? ஐந்து வருஷம், உனக்கும் வீம்பு, எனக்கும் வீம்பு. நெஞ்சு பொறுக்கவில்லை எனக்கு.

நீ கடைந்த புஷ்ஷை இடது காதில் இறக்கிவிட்டேன். ஒருவர் சட்டத்தைப் பிடிக்க, இன்னொருவர் தட்ட வேண்டிய வேலை அது. தனியாகவே செய்தேன், கட்டை விரல் நசுங்கிவிட்டது. வண்டி இப்போது நேராக நிற்கிறது. பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வருகிறது.

உன் வீட்டுக்காரி என்ன சொன்னாலும், நாளை ஞாயிறு, தொடங்குவது உன் வாரம். வண்டியை உன் வாசலில் நிறுத்திச் சாவியைச் சன்னல் கம்பியில் மாட்டப் போகிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்து ஒரு குறை சொல்லடா, பார்க்கலாம்.